நாலு திருகும் ஒரு முழ ஒயரும்

அமெரிக்காவின் துலூத் நகரில் ஏரிக்காற்று எலும்புவரை போன ஒரு மார்ச் காலையில், வெர்னா லிண்ட்ஸ்ட்ராமின் பழுதுபார்க்கும் மேசைமேல் டுவைட் தன் கிதார் ஆம்ப்ளிஃபையரைத் தொப்பென்று இறக்கினார்.

“லீலண்ட்தான் இதைக் கெடுத்தான்னு எழுதிக் கொடுங்க. ஊரே என்னைப் பொய்யன்னு பேசுது.”

லீலண்ட் பதினோரு வருடம் டுவைட்டின் இசைக்குழுவில் இருந்தவர். அந்த ஆம்ப்ளிஃபையரில் சிப் வைத்து எஃபெக்ட்ஸ் லூப் கட்டியவரும் அவரே. சத்தம் ஒரு துளை வழியாக வெளியே போய், எதிரொலி சேர்க்கும் லீலண்டின் எக்கோ பெட்டிக்குள் புகுந்து, மறு துளை வழியாகத் திரும்பும். ஜனவரியில் பாட்டுப் பட்டியலுக்காக இருவரும் கத்திச் சண்டை போட்டார்கள். லீலண்ட் எக்கோ பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை மீன் விருந்தில், மன்றம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் ஆம்ப்ளிஃபையர் ஊமையாகிவிட்டது. டுவைட் சும்மா இருந்தாரா? லீலண்ட் வேலை பார்த்த இசைக்கருவிக் கடையில் போய்ப் புகார் சொன்னார். கடைக்காரர் லீலண்டை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

“ஓங்கித் தட்டினா வருது, கொஞ்ச நேரத்துல போயிடுது. சிப்பை மாத்தி வெச்சுட்டான் பாவி! பின்னாடி ஏதோ குப்பை ஒயரை வேற டேப் போட்டு ஒட்டியிருந்தான். பிச்சு வண்டியில எறிஞ்சேன்.”

வெர்னா மூடியின் நாலு திருகுகள்மேலும் காய்ந்திருந்த சிவப்பு நகச்சாயத்தைச் சுரண்டிவிட்டுத் திறந்தார்.

காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு ஆர்வில். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், குற்றவாளியைப் பிடிப்பதென்றால் சோறு வேண்டாம் அவருக்கு.

“அடடா, மாட்டிக்கிட்டான்! மூடியில ஒட்டியிருக்கிற சர்க்யூட் படத்துல ஒரு நம்பர், சிப்புமேல வேற நம்பர். பார் வெர்னா!”

“பார்த்தேன். ரெண்டு சிப்புக்கும் கம்பிக்காலு ஒண்ணுதான், வேலையும் ஒண்ணுதான். கட்டின அன்னைக்குக் கையில இருந்த நல்லதைப் போட்டிருக்கார்.”

“அதெப்படி, இந்த ஜனவரியில மாத்தலன்னு சொல்றே?”

“இந்த ஊர்ல திருகுமேல நகச்சாயம் வைக்கிறது லீலண்ட் மட்டும்தான். யாராவது திறந்தா சாயம் உடைஞ்சிடும். நாலும் வருஷக்கணக்கா அழுக்கேறின பழைய சாயம், இப்பதான், என் கையாலதான் உடைஞ்சது. டுவைட், அந்தக் குப்பை ஒயரை எடுத்துட்டு வாங்க.”

முணுமுணுத்துக்கொண்டே போய், கறுப்பு டேப் சுற்றிய ஒரு முழ ஒயரைக் கொண்டுவந்தார் டுவைட். இரண்டு முனையிலும் பிளக் இருந்தது. வெர்னா இரண்டு துளைகளிலும் செருகிவிட்டு, பட்டறையில் இருந்த கிதாரை இணைத்துக் கம்பியை மீட்டினார். அறையே அதிர்ந்தது. பத்து நிமிடம் ஆகியும் சத்தம் போகவில்லை.

“சிப் நல்லாத்தான் இருக்கு. சத்தம் திரும்பி வர்ற துளைக்குள்ள ஒரு சின்னத் தகடு இருக்கு. எதுவும் செருகலேன்னா சத்தம் அது வழியாத்தான் போகணும். செருகினா தகடு தூக்கிக்கும், சத்தம் செருகினது வழியாப் போயிடும். எக்கோ பெட்டியை எப்பவாவது கழட்டுவீங்களா?”

“வேன்ல ஏத்தும்போதுகூடக் கழட்டறதில்ல.”

“அதான். பதினோரு வருஷம் தொடாமலே கிடந்த தகடு கறுத்துப்போய்ச் சரியா ஒட்டல, தட்டினாதான் கொஞ்சம் ஒட்டுது. அவர் எதையும் கெடுக்கல. தன் பெட்டியை எடுத்துட்டுப் போனார், அவ்வளவுதான்.”

ஆர்வில் ஒயரின் டேப்பைப் பிரித்தார். உள்ளே சுற்றியிருந்த துண்டுத்தாளில் லீலண்டின் கிறுக்கல் எழுத்து: *நான் இல்லாத நாளில் இதை மாட்டு.*

டுவைட்டின் முகம் சுண்டிப்போனது. “ஆனா… மீன் விருந்து முடிஞ்சதும் நான் கேட்டப்ப நீங்கதானே ஃபோன்ல சொன்னீங்க? சிப்புதான் போயிருக்கும், யாரோ கை வெச்சிருக்காங்கன்னு?”

வெர்னா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “சொன்னேன். வேற வேலையில இருந்தேன். ஆம்ப்ளிஃபையரைப் பார்க்காமலே சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை நீங்க கடைக்குத் தூக்கிட்டுப் போனீங்க. கடைக்காரர்கிட்ட இன்னைக்கே நான் போய்ச் சொல்றேன். நீங்க லீலண்டைக் கூப்பிடுங்க.”

டுவைட் கூப்பிட்டார். மறுமுனையில் லாரி இரைச்சல். லீலண்ட் வீட்டைக் காலி செய்துவிட்டு ஆரெகனில் இருக்கும் மகளிடம் போய்க்கொண்டிருந்தார், பாதி வழி தாண்டியாகிவிட்டது.

“டேய், தப்புடா. தகடுதாண்டா. உன்மேல பழி போட்டுட்டேன். திரும்பி வாடா.”

லாரி இரைச்சலுக்கு நடுவே லீலண்டின் குரல் வந்தது.

“ஒயரு கிடைச்சுதா?”

“கிடைச்சுது.”

“இப்ப பாடுதா?”

“பாடுதுடா.”

“அப்ப அதைக் கழட்டாதே டுவைட்,” என்றார் லீலண்ட். “நான் இனிமே வரமாட்டேன்.”