பாதிச் சவரம்

அந்த வீட்டின் அழைப்பு மணி வேலை செய்யவில்லை. பழைய சவரச் சோப்புகளைச் சேகரிக்கிற அவன் கதவைத் தட்டக் கை ஓங்குவதற்குள் அது திறந்தது. உள்ளே நின்ற பெண் பொட்டலத்தைத் தயாராகக் கையில் வைத்திருந்தாள். மதியம் மூன்று மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. கூடத்தில் யாரும் விளக்குப் போடவில்லை. ஈரப் பஞ்சும் ஸ்பிரிட்டும் கலந்த ஒரு வாடை வாசல்வரை வந்தது.

"மாமனாரோடது. ஒரே ஒரு தடவைதான் யூஸ் பண்ணினது. காசெல்லாம் வேண்டாம், எடுத்துட்டுப் போங்க, அது போதும்" என்றாள்.

பழைய மரக் கிண்ணம். மூடியைத் திறந்ததும் அவனுக்கு மூச்சே நின்றுவிட்டது. தயாரிப்பு நின்று நாற்பது வருடமான சவரச் சோப்பு. மேலே அன்னப்பறவை முத்திரை, அலகு நுனிகூட மழுங்காமல். பழைய சோப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்து, அவற்றிலேயே முகம் மழிக்கிற பைத்தியங்களுக்கு முத்திரை தேயாத சோப்பு என்பது புதையல்.

"மேலாக்க ஒரு படலம் சீவிப் போட்டுட்டு யூஸ் பண்ணுங்க. மறந்துடாதீங்க" என்று அவள் முணுமுணுத்தாள்.

இதை அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அடுத்தவர் தொட்ட சோப்பைச் சீவாமல் முகத்தில் வைக்கக் கூடாது என்பது இந்தப் பித்துப் பிடித்தவர்களுக்கு முதல் பாடம். ஆனால் சீவினால் அன்னம் போய்விடுமே! அதன் கழுத்துப் பள்ளத்தில் ஒட்டியிருந்த மூன்று நரைமுடிகளை மட்டும் இடுக்கியால் பிடுங்கிப் போட்டான். அத்தோடு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

"இருக்கிறது ஒரு மூஞ்சி, அதுக்கு நூத்திப் பன்னெண்டு சோப்பு" என்று கேலி செய்கிற மனைவி, எட்டு மாதமாக அந்தக் கேலியை விட்டுவிட்டாள். எட்டு மாதத்துக்கு முன் ஒருநாள் அவன் ஒரு பீங்கான் கிண்ணத்தைத் தேடி வெளியூர் போயிருந்தான். அவள் வேலைக்குப் போயிருந்தாள். அப்பா பக்கவாதம் தாக்கிக் குளியலறையில் விழுந்து, ஈரத் தரையில் நான்கு மணி நேரம் கிடந்தார். வலக்கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று.

அன்றிலிருந்து தினமும் காலையில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுவது அவன்தான். அப்பா வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தை, அது வசவாக இருந்தாலும் சரி, வந்துவிட்டால் போதும் என்று தவித்துக்கொண்டிருந்தான். அந்த அன்னம் சோப்பு அப்பா வேலைக்குப் போன காலத்தில் அவர் விரும்பிப் போட்டது. அந்த மணம் அவரை எழுப்பிவிடாதா என்று அவனுக்கு ஒரு நப்பாசை.

மறுநாள் காலை வெந்நீரில் பிரஷ்ஷை ஊறவைத்து, அன்னத்துக்கு நோகாமல் இரண்டே சுற்று சுற்றினான். நுரை திரண்டது. அப்பாவின் இடக்கன்னத்தில் பூசி மழித்தான். பிரஷ் வலக்கன்னத்துக்குப் போனபோது அப்பாவின் வலக்கை எழும்பி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளியது.

எட்டு மாதமாக அசையாத கை.

"இங்க வாயேன்! அப்பா கையத் தூக்கிட்டாரு!" என்று கத்தினான். மனைவி அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தாள். இருவரும் அழுதார்கள், சிரித்தார்கள். அந்தச் சந்தோஷத்தில், அப்பாவின் கண்கள் கிண்ணத்தைப் பார்த்து மிரண்டதை யாரும் கவனிக்கவில்லை. மீதி முகம் மழிக்காமலே நின்றுபோயிற்று.

அடுத்த நாள் வலக்கன்னத்தில் நரைமுள் குத்தியது. இடக்கன்னத்தில் ஒரு முடிகூட முளைக்கவில்லை. தொட்டுப் பார்த்தான்.

ஜில்லென்று இருந்தது.

அன்று முழுக்க அந்தக் குளிர் மெல்ல மெல்லக் கழுத்துக்கு இறங்கியது. மூன்றாம் நாள் இடக்கண் மூடவே இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் இடது மணிக்கட்டில் மூன்று இடம் மாற்றி மாற்றி விரல் வைத்தார். "இந்தக் கையில நாடியே கிடைக்கல. இனிமே ஆஸ்பத்திரிக்கு அலைக்கழிக்க வேண்டாம், பக்கத்துலயே இருங்க" என்று அவன் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது.

சரக்... சரக்... சரக்...

குளியலறையில், மரக் கிண்ணத்துக்குள் பிரஷ் சுற்றுகிற சத்தம். மனைவியோ அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். போய்க் கதவைத் தள்ளினான். உள்ளே யாரும் இல்லை.

கிண்ணம் நிறையப் புது நுரை.

அப்பாவை மனைவியிடம் விட்டுவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினான். அவனைக் கண்டதுமே அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"சீவலையா?"

"இல்ல."

அவள் குரல் காற்றாகத்தான் வெளியே வந்தது. "சோப்பு போட்ட அன்னிக்கு மாமனாரு காலையிலேயே இறந்துட்டாரு. எல்லாரும் பாக்க வர்றதுக்கு முன்னாடி மூஞ்சி நல்லா இருக்கட்டும்னு நான்தான் ஷேவ் பண்ணிவிட்டேன். இடப்பக்கம் முடிச்சேன். வலப்பக்கத்துக்கு நுரை போதலைன்னு, அவரு மேல பட்ட பிரஷ்ஷையே திரும்ப சோப்புல தேய்ச்சேன். அப்ப... மூடியிருந்த கண்ணு தெறந்துச்சுண்ணா. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடிட்டேன். பாதி மூஞ்சியோடவே தூக்கிட்டுப் போயிட்டாங்க."

"இப்ப நான் என்னம்மா பண்றது?"

"அவருக்கு மிச்சப் பாதி வேணும். அது யாரோடதா இருந்தாலும்." அவள் தலை குனிந்தாள். "உங்ககிட்ட குடுத்த அன்னிக்குத்தான் இந்த வீட்ல சத்தம் நின்னுச்சு. என்னை மன்னிச்சிடுங்க."

திட்டக்கூட அவனுக்கு நேரமில்லை. வீட்டுக்கு வந்து, மருந்து வாங்கி வரச்சொல்லி மனைவியை அனுப்பினான். கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் கட்டிலருகே கண்ணாடியைச் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நுரையை எடுத்துத் தன் வலக்கன்னத்தில் பூசினான். ஐஸ் வைத்த மாதிரி இருந்தது. ஆனாலும் இரண்டாம் தடவையும் தன்னால் அப்பாவுக்கு ஒரு கேடு வரக் கூடாது என்கிற ஒரே எண்ணம் அவனைப் பிடித்து உட்காரவைத்தது.

"மிச்சப் பாதி இந்தா" என்று வெறும் அறையைப் பார்த்துச் சொன்னான். "எங்கப்பாவ விட்டுடு."

கண்ணாடியில் அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆனால் ரேசரைப் பிடித்திருந்த அவன் விரல்களின்மேல் வேறு விரல்கள் வந்து படிந்தன.

ஈரமான விரல்கள்.

ரேசர் தானாக உயர்ந்து அவன் காதோரம் வந்து நின்றது. அந்த நேரத்தில் இன்னொரு கை அவன் மணிக்கட்டைப் பற்றியது. கதகதப்பான கை. அப்பா எப்படியோ பக்கவாட்டில் புரண்டு வந்திருந்தார். உள்ளங்கையால் மகனின் கன்னத்து நுரையை வழித்தெடுத்தார். எடுத்துத் தன் வலக்கன்னத்தில் பூசிக்கொண்டார்.

"போடா" என்றார். "போயி... மூஞ்சியக் கழுவு."

சின்ன வயதில் அந்தக் குரலுக்கு எப்படி ஓடுவானோ அப்படியே ஓடிவிட்டான். குழாயைத் திறந்து வாரி வாரி முகத்தில் அடித்துக்கொண்டான். பிறகுதான் அப்பா என்ன செய்தார் என்பது புத்தியில் உறைத்தது. கையில் ரேசரோடு திரும்பி ஓடி வந்தான்.

அப்பாவின் வலக்கன்னத்தில் நுரை இல்லை. தலையணையிலும் ஒரு சொட்டு இல்லை. முள்முள்ளாக இருந்த கன்னம் வழவழவென்று மழிக்கப்பட்டிருந்தது.

இப்போது இரண்டு கன்னமும் ஒரே குளிர்.

எட்டு மாதம் ஏங்கிய குரல் வந்தது. அதற்கு ஒரு பதில் சொல்லாமல் ஓடிவிட்டோமே என்று அவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். எல்லாம் முடிந்தபின் கிண்ணத்தைச் சோப்போடு தோட்டத்தில் இடுப்பளவு குழி தோண்டிப் புதைத்தான். பத்து நாள் முகத்தில் கத்தி வைக்கவில்லை. தாடி மண்டிப் போயிற்று.

பதினோராம் நாள் காலை மனைவி அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த இடத்துல மட்டும் ஏன் முளைக்கவே இல்ல?"

வலக்காதுக்குக் கீழே, அப்பாவின் கை எட்டாமல் விட்ட இடத்தில் விரலை வைத்தவள் சட்டென்று எடுத்துக்கொண்டாள். சட்டைப் பித்தான் அளவுதான் இருந்தது. மறுநாள் காலை அவன் தானே தடவிப் பார்த்தான்.

இரண்டு விரல் வைக்க இடமிருந்தது.