உயர்தர நிசப்தம்

வீட்டைப் பார்க்க வந்த அன்று அவர் முதலில் செய்த காரியம், கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டியது. எதிரொலி எப்படி இருக்கிறது என்று பார்த்தாராம்.

"தண்ணி வருதான்னு பாருங்க மொதல்ல," என்றாள் மனைவி, அடுக்களைக் குழாயைத் திருகியபடி. குழாய் இருமியது.

"சுவரோட கனத்தைப் பாரு. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது."

பழைய வீடு. ஈரச் சுண்ணாம்பும், வெகுநாள் பூட்டிக் கிடந்த அலமாரியும் கலந்த வாசனை. யாரும் இங்கே நிலைத்ததில்லை என்று தரகர் இழுத்தார். "காது இல்லாதவங்க," என்று கை தட்டியவர் முடித்துவைத்தார்.

நண்பர்கள் அவருக்கு வைத்த பெயர் வவ்வால். மற்றவர்களுக்குக் கேட்காதது அவருக்குக் கேட்கும் என்று பொருள். காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற மனிதருக்கு இப்படியொரு பட்டம் கிடைத்தால் தலை கழுத்தில் நிற்குமா? ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் பாட்டில் வயலின் எப்படி மலரும் என்பதைக் கல்யாண வீடுகளில்கூட விளக்குவார். எதிரே இருப்பவர் இலையை எடுத்துக்கொண்டு இடம் மாறுவார்.

ஆனால் சமீபகாலமாக வவ்வாலுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் குருவிகள் போயின. பிறகு குக்கர் விசில். காது டாக்டர் ஒரு வரைபடத்தில் சரிந்து விழும் கோட்டைக் காட்டி, "வயசு சார்," என்றார். வவ்வால் அதை மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. ஞாயிறு மாலை அவருடைய இசை ரசிகர் குழு புது வீட்டுக்கு வருகிறது. அவர்கள் முன் குட்டு வெளிப்பட்டால் மானம் கப்பலேறிவிடும்.

குழு கூடுவது பாட்டுக் கேட்க என்று நினைத்துவிட வேண்டாம். காலி அரங்கம் ஒன்றின் நிசப்தத்தை யாரோ பதிவு செய்திருந்தார்கள். அதை மொபைலிலிருந்து முழுத் தரத்தில் ஓடவிட்டு, வால்யூமை உச்சத்துக்குத் திருகி, ஒன்றுமே கேட்கவில்லை என்றால் கைகுலுக்கிக்கொள்வார்கள். சாதனம் அவ்வளவு சுத்தமாம். பைத்தியக்காரர்களுக்கு இப்படி ஒரு யோசனை வராது. வசதி வேண்டும்.

செட்டைப் பொருத்த மச்சினன் வந்திருந்தான். வவ்வால் நாற்காலியில் சாய்ந்து, மொபைலைத் தடவி, நிசப்தத்தை ஓடவிட்டார்.

"மாமா, ஒண்ணும் வரலையே."

"வரக்கூடாது மாப்ளே. அதான் குவாலிட்டி."

"எங்க வீட்டு ரேடியோ ரிப்பேராகி ரொம்ப வருஷமா குவாலிட்டியாத்தான் இருக்கு."

வவ்வால் வால்யூமை உச்சத்துக்குத் திருகினார். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால், வெகு தூரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

"கேக்குதா?"

"எது மாமா?"

புளூடூத்துக்கு மாற்றிப் பார்த்தார். அது எதையும் கசக்கிப் பிழிந்து அனுப்பும் வழி. மூச்சு இல்லை. மறுபடி வைஃபை வழியே முழுத் தரம். மூச்சு இருந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டராம், வரைபடமாம். காது திரும்பிவிட்டது.

அதன்பின் அலுவலகம் விட்டு வந்ததும் நிசப்தம்தான். நல்ல செட்டில், எந்தச் சத்தம் எங்கே நிற்கிறது என்று விரல் நீட்டிச் சொல்லலாம். மூச்சு முதலில் சுவரோரம் நின்றது. பிறகு இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே வந்தது. பிறகு கம்பளத்தின் விளிம்புக்கு. என்ன துல்லியம் என்று வியந்தார். அருகே வருகிறதே என்று அவருக்குத் தோன்றவில்லை. ரசனை கண்ணை மறைக்கும்.

மனைவியின் குரல்தான் தேய்ந்துகொண்டே போனது.

"எத்தனை வாட்டி கூப்பிடறது? செவுடா நீங்க?" என்றாள் ஒருநாள், தோளை உலுக்கி. அவள் கேலியாகத்தான் கேட்டாள். அவருக்கு முகம் வெளுத்தது.

ஞாயிறு வந்தது. குழு வந்தது. செயலாளர் ஜன்னல்களைச் சாத்தச் சொல்லி விளக்கை அணைத்தார். மின்விசிறியும் நின்றது. மாலை வெளிச்சம் சாம்பலாகக் கசிந்தது. நிசப்தம் ஓடியது.

வவ்வால் முன்னால் உற்றுக் கேட்டார். ஸ்பீக்கர்களுக்கு நடுவே இல்லை. கம்பளத்தில் இல்லை.

காதுமடல் சூடாயிற்று.

மூச்சு அவர் தலைக்குப் பின்னால் இருந்தது.

ஈரச் சுண்ணாம்பு வாசனை அடித்தது. செயலாளர் அவரைப் பார்த்து ஏதோ கேட்டார். உதடுகள் அசைந்தன, சொல் ஒன்றுகூட வவ்வாலின் காதில் விழவில்லை. தொலைந்தோம்.

"என்ன ஒயர்னு கேக்கறாரு," என்றது காதருகே ஒரு குரல். ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத கிசுகிசுப்பு. ஆனால் எவ்வளவு தெளிவு.

வவ்வால் ஒயரின் பெயரைச் சொன்னார். செயலாளர் தலையாட்டினார்.

"சுத்தமா இருக்குதாம். பாராட்டறாங்க."

"நன்றி," என்றார் வவ்வால்.

மூலையில் உட்கார்ந்திருந்த மச்சினன் எழுந்து விளக்கைப் போட்டான்.

செயலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது. எல்லோரும் வவ்வாலைப் பார்த்தார்கள். இல்லை, அவருடைய முகத்தை அல்ல. அவர் தோளுக்குச் சற்று மேலே.

ஒருவர் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டார். நாற்காலி சாய்ந்தது. சத்தமில்லை. மச்சினன் பிளக்கைப் பிடுங்கி எறிந்தான். ஆம்ப்ளிஃபயரின் நீல விளக்கு அணைந்தது. மூச்சு அணையவில்லை.

வாசலில் மனைவி ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு மறு கையை அவரை நோக்கி நீட்டினாள். உதடுகள் அசைந்தன.

"எல்லாரும் கிளம்பறாங்க. கதவைச் சாத்தவான்னு கேக்கறா."

இத்தனை வருஷம் சாப்பாட்டுக்கும் சண்டைக்கும் 'வாங்க' என்று கூப்பிட்ட உதடுகள். அந்த வடிவம் அவருக்குத் தெரியாதா? தெரிந்தது. எழுந்து ஓடலாம். ஆனால் தெருவில் நின்று அத்தனை பேரும் கேள்வி கேட்பார்கள். ஒன்றும் காதில் விழாது. வவ்வால் செவிடு என்று செயலாளர் ஊரெல்லாம் சொல்வார்.

"சாத்திடு," என்றார் கம்பீரமாக.

மனைவியின் கை அப்படியே நின்றது. மச்சினன் அவளை இடுப்போடு பிடித்து வெளியே இழுத்தான். கதவை யார் சாத்தினார்கள் என்று தெரியவில்லை. அதன் அருகில் ஒருவரும் இல்லை.

கூடத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். மொபைல் திரை இருண்டிருந்தது.

மூச்சு பின்னாலிருந்து புறப்பட்டு, நிதானமாக, அவருக்கு முன்பக்கம் வந்தது.