ஜெனோவாவுக்குப் பதினேழு சுரங்கங்கள்

சனிக்கிழமை காலை அப்பாவின் கப்பல் ஜெனோவா துறைமுகத்துக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கிளம்பிவிடும். அதற்குப் பிறகு டிசம்பர் வரை அப்பாவைப் பார்க்க முடியாது.

கிளேலியாவின் அப்பா சரக்குக் கப்பலில் சமையல்காரர். அவரைப் பார்த்து ஐந்து மாதமாகிறது.

திங்கட்கிழமை ரொட்டிக்கடை வேலை முடிந்து வந்த அம்மா, சமையலறை மேசையில் பையை வைத்துவிட்டுச் சொன்னார்:

"நாம மூணு பேரும் ரயில்ல ஜெனோவா போறோம். சனிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை திரும்பறோம். எனக்கும் உன் அண்ணனுக்கும் எந்தத் திட்டமும் போடத் தெரியாது. கிளேலியா, எந்த ரயில், அங்க எங்கெல்லாம் சுத்தறது, எல்லாம் இந்தத் தடவை நீதான் பார்த்துக்கணும்."

"இவளா? இவ போட்டா நாம போலந்துல போய் இறங்குவோம்" என்றான் அண்ணன் டொனாட்டோ. அவனுக்குப் பதின்மூன்று வயது. யாரையாவது சீண்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

கிளேலியா துள்ளிக் குதித்தாள். அப்பாவைப் பார்க்கப் போகிறோம்! உடனே வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தாள். அவர்கள் ஊரான தூரினிலிருந்து ஜெனோவாவுக்குப் போகும் ரயில் பாதையை விரலால் தொட்டுக்கொண்டே வந்தாள். முதலில் சமவெளி. பிறகு மலை. மலைக்குள் நுழைந்ததும் கோடு புள்ளி புள்ளியாக மாறியது.

"இது ஏன் புள்ளியா இருக்கு?"

"சுரங்கம்" என்றான் டொனாட்டோ. "மலைக்கு அடியில ரயில் போகும். தலைக்கு மேல எவ்வளவு பாறை இருக்கும் தெரியுமா? நம்ம வீட்டை நூறு தடவை அடுக்கலாம்."

கிளேலியாவின் விரல் நின்றுவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்பு அவர்கள் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. விளக்கும் அணைந்தது. உள்ளே கிளேலியா மட்டும் இருந்தாள். கதவைத் திறக்க நாற்பது நிமிடம் ஆனது. வெளியே வந்ததும், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து ஐந்தாவது மாடியிலுள்ள வீட்டுக்குப் படியேறித்தான் போகிறாள். கேட்டால், "கால் பலமாகும்" என்பாள். பாதாள ரயில் என்றால், "நடந்தா கடை ஜன்னல் எல்லாம் பார்க்கலாம்" என்பாள். எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

இப்போது என்ன சொல்வது?

செவ்வாய்க்கிழமை பள்ளிக்குக் கிளம்பும் முன் பேருந்து வழியைப் பார்த்தாள். அந்தச் சாலையிலும் சுரங்கங்கள் இருந்தன. மலையைச் சுற்றிப் போகும் பழைய சாலை ஒன்று இருந்தது. அதில் போக அவர்களிடம் கார் இல்லை.

வயிற்றுவலி என்று சொல்லலாமா? சொன்னால் அம்மாவும் வீட்டிலேயே தங்கிவிடுவார். அப்பா ஜெனோவா நிலையத்தில் தனியாக நின்றுகொண்டு இரண்டு பக்கமும் பார்ப்பார். அதை நினைத்ததும் கிளேலியாவுக்கு நிஜமாகவே வயிறு வலித்தது.

அன்று கணக்கு வகுப்பில் ஆசிரியை கேட்ட கேள்விக்கு, "பாறை" என்று பதில் சொன்னாள். வகுப்பே சிரித்தது.

புதன்கிழமை அவளுக்கு ஒரு யோசனை வந்தது. லிஃப்டில் அவளை எது அதிகம் பயமுறுத்தியது? இருட்டா? இடமில்லாததா? இரண்டும்தான். ஆனால் எல்லாவற்றையும் விட, அது எப்போது முடியும் என்று தெரியாமல் இருந்ததுதான்.

சுரங்கம் அப்படியில்லையே. ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு உண்டு. அது எத்தனை வினாடியில் வரும் என்று முன்பே தெரிந்தால்?

ரயில் ஓட்டுநரின் இடத்திலிருந்து எடுத்த காணொளி ஒன்று இணையத்தில் கிடைத்தது. தூரின் முதல் ஜெனோவா வரை முழுப் பயணமும் அதில் இருந்தது. கிளேலியா கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். அம்மா கடையிலிருந்து கொண்டுவந்த பில் காகிதச் சுருள் ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டாள்.

முதல் சுரங்கம், பன்னிரண்டு வினாடி. எழுதினாள்.

இரண்டாவது, நாற்பத்தொன்று.

திரையில் ஒவ்வொரு கறுப்பு வாயும் பெரிதாகி விழுங்கும்போது அவள் உள்ளங்கை வியர்த்தது. ஆனாலும் எழுதினாள். மொத்தம் பதினேழு சுரங்கங்கள். பதினொன்றாவதுதான் பெரியது. நாலு நிமிடம் ஐம்பது வினாடி.

நாலு நிமிடம் ஐம்பது வினாடி! பல் தேய்ப்பதற்குக்கூட அவள் அவ்வளவு நேரம் எடுப்பதில்லை.

வியாழக்கிழமை துணி அலமாரிக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மாவின் குளிர்காலக் கோட்டு முகத்தில் உரசியது. கடிகாரத்தின் முள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம். மூச்சு சின்னதாகிக்கொண்டே வந்தது. மூன்று நிமிடத்தில் கதவை உதைத்துக்கொண்டு வெளியே விழுந்தாள்.

எதிரே டொனாட்டோ, கையில் பாதி ஆப்பிளுடன்.

"உள்ள யாரு, கோட்டோட சண்டையா?"

கிளேலியா எழுந்து உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த சுருள் உருண்டு அவன் கால்வரை போனது. அவன் குனிந்து எடுத்துப் படித்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினேழு வரை. மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"லிஃப்ட்ல மாட்டினியே, அதுவா?"

தலையசைத்தாள். "அம்மாகிட்ட சொல்லிடாத."

டொனாட்டோ காகிதத்தில் ஒரு வரியில் விரலை வைத்தான்.

"பதினாலாவது சுரங்கத்தோட வினாடியை அடிச்சு அடிச்சு எழுதியிருக்க. ஏழா, ஒண்ணா? ஒழுங்கா எழுது" என்றான். பிறகு அலமாரிப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தான். "போ உள்ள. நான் வெளியில நேரம் சொல்றேன்."

அன்று மூன்று நிமிடம் நாற்பது வினாடி வரை உள்ளே இருந்தாள். வெள்ளிக்கிழமை நாலு நிமிடம் பத்து. அதற்கு மேல் முடியவில்லை.

சனிக்கிழமை காலை தூரினின் போர்டா நுவோவா நிலையத்தில் ரயில் ஏறினார்கள். கிளேலியா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா பக்கத்தில், டொனாட்டோ எதிரில். அடுத்த வரிசையில் இரட்டைக் குழந்தைகளை மடியில் வைத்திருந்த ஒரு பெண். அவருடன் ஐந்து வயதுப் பையன் ஒருவன். "சேனோ, உட்காரு. சேனோ, கால் எடு" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்ததால், அவன் பெயர் பெட்டியிலிருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

வயல்கள் ஓடின. பிறகு குன்றுகள். முதல் சுரங்கம் வந்தது. கிளேலியா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. வெளிச்சம்!

காகிதம் சரியாகச் சொன்னது. அவள் விரலை அடுத்த எண்ணில் வைத்தாள்.

"என்னடி அது, பில்லா?" என்றார் அம்மா.

"திட்டம், அம்மா" என்றான் டொனாட்டோ. "தொந்தரவு பண்ணாதீங்க, அதிகாரி வேலையில இருக்காங்க."

பத்துச் சுரங்கங்களை அப்படியே கடந்தாள். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. பிறகு பதினொன்றாவது.

இருட்டு ஜன்னலை அடைத்தது. காது அடைத்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். இன்னும் கொஞ்சம்தான். மூன்று நிமிடம்.

ரயில் வேகம் குறைந்தது. கிறீச்சிட்டது. நின்றுவிட்டது.

சக்கரங்களின் சத்தம் போனதும் எல்லாம் பயங்கர அமைதியாகிவிட்டது. விளக்கு ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தது.

"சிக்னலுக்காக நிற்கிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றது ஒலிபெருக்கி. எவ்வளவு நேரம் என்று அது சொல்லவில்லை.

நாலு நிமிடம் ஐம்பது வினாடி ஆனது. வெளிச்சம் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆனது. இனி காகிதத்தால் எந்தப் பயனும் இல்லை. கிளேலியாவுக்கு லிஃப்டின் வாசனை வந்தது. பழைய எண்ணெயும் இரும்பும் கலந்த வாசனை. எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. எங்கே ஓடுவது? கதவுக்கு வெளியேயும் பாறைதான்.

அப்போது பக்கத்து வரிசையில் ஒரு சின்னக் குரல் வீறிட்டது.

"மலை விழுந்துடுச்சா? அம்மா, மலை நம்ம மேல விழுந்துடுச்சா?"

சேனோதான். அவன் அம்மா ஒரு குழந்தையை ஆட்ட, இன்னொன்று அழ ஆரம்பித்தது. "இல்லடா தங்கம், ஒண்ணும் இல்ல" என்றார் அவர்.

ஒன்றும் இல்லை. அந்த வார்த்தை எவ்வளவு உதவாத வார்த்தை என்று கிளேலியாவுக்குத் தெரியும். பையனின் கண்கள் வட்டமாக விரிந்திருந்தன. லிஃப்ட் கண்ணாடியில் இருட்டுக்கு முன்பு கடைசியாகப் பார்த்த தன் கண்கள் போலவே.

அவள் எழுந்தாள். போய் அவன் முன்னால் மண்டியிட்டாள்.

"சேனோ, மலை விழல. சிக்னலுக்கு நிக்கிறோம். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

அவன் அழுகையை நிறுத்திப் பார்த்தான். "உனக்குமா? நீ பெரியவதானே?"

"பத்து வயசுதான். இங்க பாரு, எல்லாச் சுரங்கத்துக்கும் நேரம் எழுதி வச்சிருக்கேன். ஆனா இப்படி நடுவுல நின்னா எவ்வளவு நேரம்னு எழுதல. யாருக்குமே தெரியாது. நாம எழுதலாமா?"

சுருளின் வெற்று முனையை இழுத்து அவன் முழங்காலில் வைத்தாள். பென்சிலைக் கொடுத்தாள்.

"எனக்கு எண்ணு மட்டும்தான் எழுதத் தெரியும்."

"போதும். ஒவ்வொரு நிமிஷத்துக்கும் எண்ணு நீ போடு. அந்த நிமிஷத்துல என்ன நடந்துச்சுன்னு நான் எழுதறேன்."

சேனோ பெரிதாக 1 போட்டான். கடிகார முள் சுற்றியது. இருவரும் பெட்டியைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"அந்தத் தொப்பி மாமா குறட்டை விடறாரு!" என்றான் சேனோ. எழுதினாள்.

இரண்டாவது நிமிடம், பாப்பா தும்மியது. மூன்றாவது, டொனாட்டோ யாருக்கும் தெரியாமல் அம்மாவின் பங்கு பிஸ்கட்டைத் தின்றான். "தெரிஞ்சுடுச்சு!" என்று சேனோ கத்தினான். நான்காவது நிமிடம் எதுவுமே நடக்கவில்லை. "அதையும் எழுது, ஒண்ணுமே நடக்கலன்னு" என்றான். ஐந்தாவது நிமிடம் பாப்பா மறுபடி தும்மியது. தொப்பி மாமா விழித்து, "ஜெனோவா வந்துடுச்சா?" என்று கேட்டார். பெட்டி முழுவதும் சிரித்தது.

கிளேலியாவின் இதயம் இன்னும் வேகமாகத்தான் அடித்தது. ஆனால் எழுத்துகள் கோணாமல் நேராக விழுந்தன.

ஒன்பதாவது நிமிடத்தில் ரயில் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது.

"ஐயோ!" என்றான் சேனோ ஏமாற்றத்துடன். "இன்னும் ஒரு நிமிஷம் நின்னிருந்தா பத்து ஆயிருக்கும்!"

கொஞ்ச நேரத்தில் கண் கூசும் வெளிச்சம் ஜன்னலில் கொட்டியது.

இடத்துக்குத் திரும்பியதும் அம்மா அவள் கையைப் பிடித்தார். அது பனிக்கட்டி போலக் குளிர்ந்திருந்தது.

"அந்தப் பையன்கிட்ட நீ சொன்னது கேட்டுச்சு. இவ்வளவு நாளா இந்தப் பயத்தை உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியா? ஏன் சொல்லல?"

"சொன்னா, போக வேண்டாம்னு சொல்லிடுவீங்க. அப்பா தனியா நிப்பாரு."

அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. மீதி ஆறு சுரங்கங்களிலும் விடவில்லை.

"நாளைக்கு இதே வழியிலதான் திரும்பணும்" என்றான் டொனாட்டோ மெதுவாக.

"தெரியும்" என்றாள் கிளேலியா. "பயமாத்தான் இருக்கும். நீ நேரம் சொல்லு."

ஜெனோவா நிலையத்தில் சேனோவின் அம்மா இரண்டு குழந்தைகளுக்கும் நடுவிலிருந்து ஒரு கையை எப்படியோ விடுவித்து அவள் கன்னத்தைத் தட்டினார். நடைமேடையின் கடைசியில் அப்பா நின்றார். கொஞ்சம் இளைத்திருந்தார், புதிதாகத் தாடி வைத்திருந்தார். கிளேலியா ஓடிய வேகத்தில் அவர் இரண்டடி பின்னால் போனார். அவர் சட்டையில் வதக்கிய வெங்காய வாசம்.

எல்லோரும் பேசி, அழுது, சிரித்து முடித்த பிறகு அப்பா கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"ஊர் சுத்தற திட்டமெல்லாம் நீதான் போட்டியாமே. ஒரு வாரமா யோசிச்சியாம். சரி, முதல்ல எங்க போறோம்?"

கிளேலியா காகிதச் சுருளைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"அது வந்து... நான் ஸ்டேஷன் வரைக்கும்தான் யோசிச்சேன்."

"ஸ்டேஷன் வரைக்குமா?"

"ஸ்டேஷன் வரைக்கும், வினாடி விடாம" என்றான் டொனாட்டோ. "அதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல."

அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அம்மாவும் சேர்ந்துகொண்டார். கிளேலியா நிலையத்து வாசலில் நின்று காற்றை முகர்ந்தாள். உப்பு வாசனை வந்தது. தலைக்கு மேலே வானம், முடிவே இல்லாமல்.

"கடல் எந்தப் பக்கம்ப்பா?"

அப்பா கீழே இறங்கும் தெரு ஒன்றைக் காட்டினார்.

"அப்போ அந்தப் பக்கம் போலாம்" என்றாள்.

நான்கு பேரும் அந்தப் பக்கம் இறங்கி நடந்தார்கள். கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.