ஜி கிரேடில் ஒரு சடலம்

போன் அலறியது.

பேக்கரியில் கேக்குக்கு க்ரீம் பூசிக்கொண்டிருந்த ஹேசல், முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

“ஹேசல் கண்ணு... நான் நார்மன் ஸ்கெல்டன் பேசறேன். உன் வின்னி ஆன்ட்டி... தரையில கிடக்கா. மூச்சே இல்ல!”

க்ரீம் பை நழுவி விழுந்தது.

இங்கிலாந்தின் மோர்கேம்ப் தெருக்களில் ஜனவரிக் கடற்காற்று கன்னத்தில் அறைந்தது. ஹேசல் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் ஓடினாள். வின்னி, அம்மாவின் தங்கை. அம்மா போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியவள்.

மாடிப்படியிலேயே ஸ்கெல்டன் வழிமறித்தார். அந்தக் கட்டடத்தின் சொந்தக்காரர். கீழ்த்தளத்தில் தனிக்கட்டை.

“பாவம்! குளிர்லயே விறைச்சிருப்பா. நூறு தடவை சொன்னேன்... கேட்டாளா?”

“போலீஸ் வந்தாச்சா?”

“உள்ளே இருக்காங்க. ஹேசல் கண்ணு... இந்த நேரத்துல கேட்கக்கூடாதுதான். வெள்ளிக்கிழமை அந்த விற்பனைப் பத்திரக் கையெழுத்து... அவளுக்குப் பதிலா நீ போட்டுடுவேல்ல?”

ஹேசலுக்குச் சுருக்கென்றது.

உடல் இன்னும் உள்ளே கிடக்கிறது. அதற்குள் கையெழுத்தா...?

ஒரு அறை, ஒரு சமையலறை. அவ்வளவுதான் ஃப்ளாட். அதுவும் நீண்டகாலக் குத்தகைக்கு வாங்கியது; விற்றாலும் அந்தக் குத்தகையைத்தான் விற்க முடியும். இன்னும் அறுபது வருஷம் போனால் எல்லாம் ஸ்கெல்டனுக்கே திரும்பிவிடும். போதாக்குறைக்குப் போன மாதம் வந்த சர்டிஃபிகேட்... வீடு எவ்வளவு சூட்டைத் தக்கவைக்கும் என்பதற்கான மதிப்பெண். ஏ என்றால் சொர்க்கம். ஜி என்றால் ஐஸ் பெட்டி.

வின்னியின் ஃப்ளாட்டுக்குக் கிடைத்தது, ஜி!

ஜி கிரேடு ஃப்ளாட்டை வாடகைக்கு விடச் சட்டம் இடம் தராது. வாங்க வந்தவர்கள் மாயமானார்கள். ஸ்கெல்டன் மட்டும் பெரிய மனசோடு முன்வந்தார்... பாதி விலைக்கு! வேறு வழியில்லாமல் வின்னியும் தலையாட்டியிருந்தாள்.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால் ஒரு கான்ஸ்டபிள். சமையலறையில் இன்ஸ்பெக்டர் மேவிஸ் கிரீவ் நின்றிருந்தாள். ஐம்பது வயது. தடித்த ஸ்வெட்டர். தூங்கி வழிவது போன்ற கண்கள்.

“உட்காரும்மா ஹேசல். மிஸ்டர் ஸ்கெல்டன், நீங்களும் வாங்க. பாடியை முதல்ல பார்த்தது நீங்கதானே?”

“காலையில ஒன்பது மணிக்கு, மேடம். கதவைத் தட்டினேன், பதில் இல்ல. என்கிட்ட சாவி இருக்கு, திறந்தேன்.”

“நெத்தியில அடிபட்டிருக்கு.”

ஹேசல் நிமிர்ந்தாள். “அடியா...?”

“வேற யார்கிட்டயாவது சாவி இருக்கா?”

“இவர்கிட்ட மட்டும்தான்” என்றாள் ஹேசல்.

ஸ்கெல்டன் முறைத்தார். “குளிர் மேடம்! குளிர்தான் கொன்னுடுச்சு. ஜி கிரேடு! ஃப்ரிட்ஜுக்குள்ள குடித்தனம் பண்ற மாதிரி!”

“நிச்சயமா ஜி தானா?”

“சத்தியமா! நானே ஆள் பிடிச்சு சோதனை பண்ணவச்சேன்.”

“ரொம்ப உதவியா போச்சு.” இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். “ஹீட்டர் நேத்து சாயங்காலத்துல இருந்தே ஆஃப். ஐஸ் பெட்டி மாதிரி வீடுன்னா உடம்பு சீக்கிரம் சில்லிட்டுப் போகணும். ஆனா டாக்டர் தொட்டப்போ இன்னும் சூடு மிச்சம் இருந்துச்சு. உங்க ஜி உண்மைன்னா, உயிர் போனது இன்னிக்குக் காலையில. ஏழு மணிக்கு மேல. அப்போ நீங்க எங்கே இருந்தீங்க?”

“கீழே... என் வீட்டுல.”

“கூட யாரு?”

“யா... யாருமில்ல.”

“நேத்து ராத்திரி?”

“பப்ல! க்விஸ் போட்டி! நாற்பது பேர் சாட்சி!”

“அது எதுக்கு, பாவம். காலையிலதானே சாட்சி வேணும்.”

ஸ்கெல்டனின் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கண்கள் சுவரைப் பார்த்தன. ஜன்னலைப் பார்த்தன. மறுபடி சுவர்...

‘ஏன் சுவரையே பார்க்கிறார்?’ ஹேசல் அவர் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டியை என்ன பண்ணினீங்க?”

“நான் தொடக்கூட இல்ல!”

“சாவி உங்ககிட்ட. ஃப்ளாட் மேல கண்ணும் உங்களுக்கு!”

“ஹேசல், சும்மா இரு!” ஸ்கெல்டன் சீறினார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள். “கோட்டை மாட்டுங்க, மிஸ்டர் ஸ்கெல்டன். கிளம்பலாம்.”

“இருங்க!” அவர் வெடித்தார். “அந்த சர்டிஃபிகேட் பொய்!”

ஹேசல் துள்ளி எழுந்தாள்.

“பொய்யா...?”

“வின்னி சுவருக்கு உள்பக்கம் முழுக்க நுரைப் பலகை அடிச்சிருக்கா! ஜன்னலெல்லாம் ரெட்டைக் கண்ணாடி! ஹீட்டரை அணைச்சாலும் விடியவிடிய சூடு நிக்கும் மேடம்! அப்போ அவ ராத்திரியே செத்திருக்கணும்! நான் பப்ல இருந்தேன்!”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“குத்தகைக்காரி ஆணி அடிக்கக்கூட என் அனுமதி வேணுமே! நான்தான் குடுத்தேன். அதுக்கு ஃபீஸ் கூட வாங்கினேன்!”

“ஜி போட்டது யாரு?”

“எனக்குத் தெரிஞ்ச பையன்... காசு குடுத்தேன்... விலை இறங்கட்டும்னு...” தான் என்ன சொல்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

ஹேசலின் கண்கள் நிறைந்தன. “அந்த சர்டிஃபிகேட்டைப் பார்த்துட்டு, இது வீடே இல்லடி, ஐஸ் பெட்டின்னு ஆன்ட்டி என்கிட்ட அழுதாங்க. அவங்க கையால பலகை அடிச்ச வீடு! தப்பா அடிச்சுட்டேன் போலன்னு தன்னையே திட்டிக்கிட்டுப் போய்ச் சேர்ந்துட்டாங்களே...!”

“மோசடின்னு ஒத்துக்கறேன். கொலைகாரன் நான் இல்ல!” ஸ்கெல்டன் கெஞ்சினார். “யாரோ ராத்திரியில...”

“கொலையா?” இன்ஸ்பெக்டர் புருவம் உயர்த்தினாள். “யார் சொன்னது கொலைன்னு?”

“நீங்கதானே...”

“நான் நேரத்தை மட்டும்தான் கேட்டேன். வின்னிக்கு ரொம்ப நாளா இதயக் கோளாறு. விழும்போது ஸ்டூல்ல நெத்தி இடிச்சிருக்கு. ராத்திரி பத்து மணி வாக்குல உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்லிட்டுத்தான் போனார். நீங்க ஜி, ஜின்னு குதிச்சப்போதான் இடிச்சுச்சு... ஒண்ணு டாக்டர் தப்பு, இல்ல உங்க கிரேடு தப்பு.”

ஸ்கெல்டன் சுவரோடு சாய்ந்தார். நுரைப் பலகை அவரை மெத்தென்று தாங்கியது.

கான்ஸ்டபிள் அவருடைய கையைப் பற்றினான்.

“இந்த ஃப்ளாட்டை நான் விக்கறதா இல்ல” என்றாள் ஹேசல், கண்ணைத் துடைத்தபடி. “நானே இங்க குடிவரப் போறேன்.”

“இ... இப்போ என்னை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?”

இன்ஸ்பெக்டர் மேவிஸ் கிரீவ் முதல்முறையாகச் சிரித்தாள்.

“எங்க லாக்-அப்புக்கு. சந்தேகமே வேணாம் மிஸ்டர் ஸ்கெல்டன்... அது அசல் ஜி!”