சென்னம்மாளின் எடை

எடை மெஷினில்தான் கோளாறு என்று அனுராதா முதலில் நினைத்தாள். சென்னம்மாளை இறங்கச் சொல்லிவிட்டு, முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பித் தானே ஏறிப் பார்த்தாள். ஐம்பத்திரண்டு. வழக்கமான எடைதான். கிழவி மறுபடி ஏறினாள். முள் நடுங்கி நடுங்கி எழுபத்தொன்றில் போய் நின்றது.

ஆடியில் வந்தபோது நாற்பத்துநான்கு.

2004-ஆம் வருடத்து ஐப்பசி அது. வயதானவர்களுக்குத் தசை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் ஒரு ஆராய்ச்சிக்காக, மலைமேல் உள்ள அரியூர் நாட்டு ஊர்களில் அறுபத்தைந்தைத் தாண்டியவர்களை வீடு வீடாகப் போய் அளந்துகொண்டிருந்தாள் அனுராதா. கெண்டைக்காலை நாடாவால் சுற்றிப் பார்ப்பது, கைப்பிடிக் கருவியை இறுக்கச் சொல்வது, நாலு மீட்டர் நடக்கவிடுவது, கடைசியாக, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்வது. மூன்று மாதம் கழித்து அதே அளவுகளை மறுபடி எடுக்க வேண்டும். அதற்குத்தான் இன்று ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தாள்.

சென்னம்மாளின் கெண்டைக்கால் முப்பது சென்டிமீட்டரிலிருந்து இருபத்தைந்துக்கு இறங்கியிருந்தது. கைப்பிடி பதினாறு கிலோவிலிருந்து ஏழுக்கு. புஜத்துத் தோல் வெறும் பை மாதிரி தொங்கியது. வயதானால் தசை கரையும்தான். ஆனால் வருடக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே மழைக்காலத்துக்குள் இப்படிக் கரையாது. பட்டினி போட்டால் கரையும். ஆனால் எடை ஏன் ஏறுகிறது? நீர் கோத்திருக்குமோ என்று கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள், குழி விழவில்லை. கிழவியின் மடியைக்கூடத் தடவிப் பார்த்தாள். காய்ந்த வெற்றிலை ஒன்றுதான் இருந்தது.

"சோறு ஒழுங்காப் போடறீங்களா?" என்று மருமகளிடம் கேட்டாள்.

"மூணு வேளையும் போடறமுங்க. நேத்துக்கூடக் கோழி அடிச்சமுங்க," என்றாள் சங்கீதா. வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டுதான் சொன்னாள். உள்ளே வரவில்லை.

அப்போதுதான் அனுராதாவுக்கு உறைத்தது. அவள் வந்ததிலிருந்து இந்த வீட்டில் யாருமே கிழவியின் பக்கத்தில் வரவில்லை. சங்கீதா சாப்பாட்டுத் தட்டை நிலைப்படியில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். கிழவி நாலு மீட்டர் நடக்கும்போது தள்ளாடியதும், மூலையில் மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மகன் சின்னராசு தாங்கிப் பிடிக்க எழவில்லை. கால்களை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

என்ன செய்கிறார்கள் இவளை? சோற்றில் எதையாவது கலக்கிறார்களா?

வெளியே மூன்று மணிக்கே மூட்டம் இறங்கி, முற்றத்துப் பலாமரம் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தது. தகரக் கூரையில் இலைத்தண்ணீர் விட்டு விட்டுச் சொட்டியது; அடுப்பின் மேல் பரப்பிய நனைந்த மிளகின் காரமும் கிழங்குத் தோலின் பச்சை வாடையும் புகையோடு கலந்து தொண்டையைக் கரகரக்க வைத்தன. மூலையில் கிழவியின் கயிற்றுக் கட்டில் தரையைத் தொடுமளவு தொய்ந்து கிடந்தது. கிழவி மூச்சு வாங்கினாள். அது அடங்கியதும், அரை நொடி தள்ளி, இன்னொரு மூச்சு கேட்டது.

அனுராதா திரும்பிப் பார்த்தாள். யாருமில்லை.

நாளைக்கே டாக்டரிடம் சொல்லி, இவளை நாமக்கல் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"கடைசி டெஸ்ட்டுங்க ஆயா. முடிஞ்சவரைக்கும் எந்திரிங்க. நான் புடிச்சுக்கறேன்."

"வேண்டாங் கண்ணு. நானே எந்திரிக்கறேன்," என்று கிழவி அவசரமாகச் சொன்னாள்.

ஒருமுறை எழுந்தாள். நரம்புகள் புடைத்தன. உட்கார்ந்தபோது நாற்காலிக் கால்கள் சாணம் மெழுகிய தரையில் ஒரு விரற்கடை இறங்கின. இரண்டாவது முறை பாதிதான் எழ முடிந்தது. முழங்கால் மடங்கி, பெரும் சத்தத்தோடு தரையில் விழுந்தாள்.

"புடிச்சுத் தூக்குங்களேன்!" என்று அனுராதா கத்தினாள்.

யாரும் அசையவில்லை.

"நீங்களே தூக்கி உடுங்க மேடம்," என்றான் சின்னராசு. குரல் கெஞ்சியது. சங்கீதா வாயைச் சேலையால் பொத்திக்கொண்டாள்.

"தூக்காத சாமி," என்று கிழவி தரையைப் பிறாண்டினாள். "ஊட்டுக்குப் போயிரு. இப்பவே போயிரு."

பாவி ஜனங்கள். எவ்வளவு பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள்! அனுராதா குனிந்தாள். கிழவியின் இரு கக்கத்திலும் கைகொடுத்துத் தூக்கினாள்.

கனமே இல்லை. காய்ந்த சோளத்தட்டுக் கட்டு போல வந்தாள்.

நாற்காலியில் உட்கார வைத்தாள். கிழவி தானாக எழுந்தாள். கையை ஊன்றவில்லை. எழுந்து நின்று அழுதாள்.

"அத்தே!" சங்கீதா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சின்னராசு தாயின் கால்களைப் பிடித்துக்கொண்டு விம்மினான். கிழவி அவர்களைப் பார்க்கவில்லை. அனுராதாவையும் பார்க்கவில்லை. அவள் தலைக்குச் சற்று மேலே பார்த்தாள்.

"என்னய மன்னிச்சுக்க கண்ணு."

அனுராதா பையை எடுக்கக் குனிந்தாள். நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள். தொடைகள் நடுங்கின. இங்கிருந்து போய்விட வேண்டும். பஸ் வந்துவிடும். போய்விட வேண்டும்.

முற்றத்தில் இறங்கினாள். பின்னால் கதவு சாத்தும் சத்தம். தாழ்ப்பாள். அதன் மேல் இன்னொரு தாழ்ப்பாள்.

மூட்டத்துக்குள் எங்கோ பஸ்ஸின் ஹாரன்.

ஒரு அடி. செம்மண் சேற்றில் செருப்பு புதைந்தது. இன்னொரு அடி. கணுக்கால்வரை.

முதுகில் குளிர். ஈரத்துணி ஒட்டுவது போல. பிறகு இடுப்பின் இரு பக்கமும், உப்புமூட்டை ஏறும் குழந்தை இறுக்குவது போல, இரண்டு முழங்கால்கள்.

திரும்ப முடியவில்லை.

தோள்களுக்கு மேலாக, மெதுவாக, இரண்டு கைகள் முன்னால் வந்தன. மெலிந்தவை. மிக நீளமானவை. அவள் தொண்டைக்குழியில் விரல்களைக் கோத்துக்கொண்டன. முதுகில் இருந்தது, வசதியாக உட்கார, ஒருமுறை எம்பி ஏறிக்கொண்டது.