இரண்டு புள்ளிகளுக்கு மேலே

மதியத்திலிருந்தே அந்த அறையில் ஈரத் தலைமுடியின் வாடை இருந்தது. குளித்ததும் காயவிடாமல் முடிந்துவைத்த கூந்தலில் வருமே, அந்தப் புளித்த வாடை. அவள் ஜன்னலைத் திறந்தாள், திரைச்சீலையை முகர்ந்தாள், கடைசியில் தன் பின்னலையே இழுத்து முகர்ந்து பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

கணவனிடம் சொன்னால் சிரிப்பான். இந்த வீட்டுக்கு வந்த நாள்முதல் அப்படித்தான்: கட்டிலோரம் யாரோ உட்கார்ந்ததுபோல் மெத்தை அமுங்கியதைச் சொன்னபோதும், படிக்கட்டில் வெறுங்கால் ஓசை கேட்டதைச் சொன்னபோதும் சிரித்தான். செல்லமாகப் பயந்தாங்கொள்ளி என்று பேர் வைத்தான். பிறகு மனநல மருத்துவரிடம் அழைத்துப்போய், அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். மாத்திரையைத் தினமும் அவனே எடுத்துக் கொடுத்தான். இப்படி ஒருவன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று தங்கையிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாள்.

இன்றைய வேலையும் தங்கைக்காகத்தான். பழைய குடும்பப் படங்களைத் தன் ஊரிலிருந்தே பார்க்க வேண்டுமென்று அவள் கேட்டிருந்தாள். கணவன் கழித்துக்கட்டிய பழைய கணினியில் இவள் ஒரு குட்டி சர்வர் புரோகிராம் எழுதி ஓடவிட்டிருந்தாள். யார் எதைக் கேட்டாலும் அது 'வணக்கம்' என்று ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதை மாற்றினாள். கேட்ட பெயரில் 'படங்கள்' ஃபோல்டருக்குள் கோப்பு இருந்தால் எடுத்துக் கொடுக்கும். ஃபோல்டரையே கேட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று காட்டும். அப்பாவின் தோளில் தங்கை சிரிக்கும் படம் திரையில் வந்தது. இவளும் சிரித்துவிட்டாள்.

ஒரு சோதனை பாக்கி. முகவரியில் இரண்டு புள்ளி வைத்துக் கேட்டால், ஏமாந்த சர்வர் ஃபோல்டரைவிட்டு மேலேறி, காட்டக்கூடாததையும் காட்டிவிடும். வைத்துப் பார்த்தாள். ஏறிவிட்டது.

அங்கே எதுவும் இருந்திருக்கக் கூடாது. "எல்லாத்தையும் அழிச்சிட்டேன், தாராளமா வெச்சுக்கோ" என்றுதான் அவன் கொடுத்திருந்தான். ஆனால் அவன் ஃபோனில் எடுப்பதெல்லாம் இன்னமும் இந்தக் கணினிக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தது. அதை நிறுத்த மறந்திருக்கிறான். ஒரு ஃபோல்டரின் பெயர் 'பயந்தாங்கொள்ளி'. அவளுக்கு மனசு இளகியது. தெரியாமல் படமெடுத்து வைத்திருக்கிறான், கள்ளன்.

திறந்தாள்.

படுக்கையறை வாசலிலிருந்து எடுத்த படம். அவள் தூங்குகிறாள். கட்டிலோரம் யாரோ முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமுடி தரைவரை வழிகிறது.

அடுத்த படத்தில் அது அவள் பக்கம் குனிந்திருந்தது. அதற்கடுத்ததில் இன்னும் குனிந்திருந்தது. ஒன்றில் அலமாரிக் கண்ணாடியில் அவனும் விழுந்திருந்தான். ஃபோனைப் பிடித்தபடி, இங்கே பார் என்று குழந்தையைக் கூப்பிடுகிறவனைப்போல, அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவள் அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியவில்லை. வெளிச்சம் மங்கியது. வாசல் பூட்டு திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு அறை வாசலில் அவன் குரல்.

"என்னம்மா, லைட்கூடப் போடாம?"

அவள் திரும்பவில்லை. "ஒண்ணுமே இல்லன்னு சொன்னீங்களே."

திரையைப் பார்த்திருப்பான். ஆனாலும் அவன் குரல் அன்பாகத்தான் இருந்தது.

"பழகிடும்மா. அதுக்கு உன்னைத்தான் புடிச்சிருக்கு. நீ வந்ததும் என்னை விட்டுடுச்சு."

அதற்காகத்தானா? கல்யாணம், இந்த வீடு, மாத்திரை, எல்லாம்?

தலையில் ஒரு கை படிந்தது. மெல்லக் கோதியது. தட்டிவிட வேண்டும் என்று நினைத்தாள். முடியவில்லை. இத்தனைக்குப் பிறகும் அந்த வருடலுக்குத் தலை தானாகச் சாய்ந்தது. அழுகை முட்டியது. அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரையையே பார்த்தாள். விரல் பழக்கத்தில் பக்கத்தைப் புதுப்பித்தது.

புதிதாக ஒரு படம் வந்திருந்தது.

அறை வாசலிலிருந்து எடுத்தது. நாற்காலியில் அவள். பக்கவாட்டில் சாய்ந்த தலை. அதன்மேல் ஒரு கை. நீண்டு நீண்டு போகும் விரல்கள், அவள் பின்னலை நிதானமாக அவிழ்த்துக்கொண்டிருந்தன.