பாலம் தாங்கும் விரல்

படகிலிருந்து கடைசியாக இறங்கியது ஒரு விரல். இரண்டு மாடி உயரம், முழுக்க உருக்கு, நுனியில் கடித்துக் குதறிய நகம். தோணித்திட்டுத் தீவே சிரித்தது. மரகதவல்லி டீச்சருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது யாருடைய நகம் என்று அவருக்குத் தெரியும்.

'பெருக்கி' இயந்திரம் வந்த பிறகு பாலங்களைப் பள்ளிப் பிள்ளைகள்தான் வடிவமைத்தார்கள். குழுவாகச் சேர்ந்து மூங்கில் குச்சியில் மாதிரி செய்து, மணல் மூட்டை ஏற்றுவார்கள். மணி அடிக்கும்வரை தாங்கினால் போதும், பெருக்கி அதை உருக்கில் நூறு மடங்காக்கிக் கொடுத்துவிடும். எது தாங்கியது, எப்போது அசைந்தது, எல்லாம் அப்படியே வரும். எது வேண்டாதது என்று யோசிக்கும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஓர் ஊருக்கு ஒரு பாலம்தான்.

திறப்பு விழாவன்று பாலம் கொள்ளாத கூட்டம். இனிப் பிரசவ வலியோடு யாரும் படகுக்குக் காத்திருக்க வேண்டாம்.

டீச்சர் ஆறாம் வகுப்பு ஜெசிந்தாவைத் தனியே அழைத்தார்.

"ரஃபீக் வச்ச தூண் சாஞ்சுது டீச்சர். பாவம், அழுதுடுவான்னு விரல் குடுத்தேன். கூட்டாளி வேலையை விழ விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன்தான்."

அன்று அந்த விரலைப் பார்த்து நெகிழ்ந்து, பத்துக்குப் பத்து போட்டவரே அவர்தான். தாங்குவது எதுவானாலும் வரைபடத்தில் எழுத வேண்டும் என்ற பாடத்தை மட்டும் நடத்தவில்லை. அன்று கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இப்போது கேட்டார்.

"விரலை எப்ப எடுத்தே?"

"மணி அடிச்சதும்."

அப்படியானால் மணி கேட்டதும் அந்த உருக்கு விரலும் விலகிவிடும். டீச்சர் பாலத்தின் பக்கம் திரும்பினார். நடுப்பாலத்தில் ஊராட்சித் தலைவர், பாலத்தைத் திறந்துவைக்கப் பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய அதே வெண்கல மணியை உயர்த்திப் பிடித்திருந்தார்.

"ஐயா, அடிக்காதீங்க!"

மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. ஜெசிந்தா கூட்டத்துக்குள் புகுந்து ஓடினாள். எம்பிக் குதித்து, மணிக்கும் அதன் நாக்குக்கும் நடுவே விரலை வைத்தாள். வலியில் அவள் அலறியதுதான் கேட்டது. மணி ஒலிக்கவில்லை.

பாலம் இன்றும் நிற்கிறது. தோணித்திட்டில் கோயிலிலோ மாதா கோயிலிலோ மணி கிடையாது. சைக்கிளில்கூடக் கழற்றிவிட்டார்கள். பள்ளி விடும் நேரத்தை ரஃபீக் வகுப்பு வகுப்பாகப் போய்ச் சொல்கிறான்.

வரைபடத்தில் டீச்சர் திருத்தி எழுதியிருக்கிறார்: 'தாங்குபவை: எட்டுத் தூண், ஒரு விரல், மணி அடிக்காத ஓர் ஊர்.'